மையில் மட்டும்

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் சங்கத்துக்கு
ஏழு பேர் வருகிறார்கள்.
எல்லோரும் நல்ல மதிப்பெண்காரர்கள்தாம்.
அதைப் பற்றி இனி யாரும் பேசமாட்டோம்.
அழைப்புக் கடிதம் போனதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் ஹோதன். செயலாளர்.
மினசோட்டாவின் வடக்கு மூலையில்
மூச்சே புருவத்தில் உறைகிற ஊர்.
சிவில் கட்டடத்தின் நிலவறை.
குறிப்பேடு என் கையில்.

வருகிறவர் தம் கையாலேயே
ஒரு கான்கிரீட் உருளை வார்க்க வேண்டும்.
நாலு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம்.
இருபத்தெட்டு நாள் சுண்ணாம்பு நீரில் கிடக்கும்.
எடுத்த பின் ஒரு வாரம்
ஆள் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.
மாய் யெர் அதைப் பனிச்சட்டைக்குள் பொத்திக்கொண்டு
பேருந்தில் ஏறியிருக்கிறாள்.
"எத்தனை மாசம்?" என்றாராம் ஓட்டுநர்.
"இருபத்தெட்டு நாள்" என்றாளாம்.
க்விஸ்ட் உணவகத்தில்
அதற்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டான்.

உறுப்பினர் முப்பத்தொரு பேரும் அதில் கையெழுத்திடுவோம்.
சும்மா இல்லை. ஆளுக்கொரு கேள்வி.
இந்தக் கட்டடத்தின் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது?
ஏழாம் தெருப் பாலத்தை உப்பு என்ன செய்யும்?
நீ கட்டப்போவதன் மேல் யார் நடப்பார்கள், பெயர் சொல்.
கடைசிக் கேள்வி என்னுடையது.
திணறுவார்கள்.
திணறட்டும் என்றுதான் கேட்பது.

அப்புறம் சேர்ப்பு இரவு.
கழுத்தில் டை, கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி.
கையெழுத்து நிரம்பிய உருளையை
அழுத்தப்பொறியில் நிறுத்தி உடைக்கிறோம்.
ஆமாம், உடைக்கத்தான்.
எவ்வளவு தாங்கியது என்று நான் எழுதுவேன்,
கீழே அவர் கையெழுத்து.
எண் குறைந்ததற்காக யாரையும் அனுப்பியதில்லை.
மையில் எழுத வேண்டும், அவ்வளவுதான் விதி.
விதி வந்த கதை நாற்பத்தைந்தாம் பக்கத்தில்:
யாரோ பென்சில் எண்ணைச் சுரண்டிச் சுரண்டித்
தாளே போன இடம்.
ஓட்டை வழியே நாற்பத்தேழு தெரியும்.

மாய் யெர், நாலாயிரத்து நானூற்றுப் பத்து.
க்விஸ்ட், நாலாயிரத்து நூற்றிருபது.
ஆறாவது டேல் ஓஸ்ட்பி,
இரவெல்லாம் பெட்ரோல் நிலையக் கல்லாவில் நிற்பவன்.
வழக்கமாகத் துப்பாக்கிபோல் வெடிக்கும்.
இது சத்தமில்லாமல்
நனைந்த வெல்லக்கட்டியாய் உட்கார்ந்தது.

திரை என் பக்கம் திரும்பியிருந்தது.
2300.
வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை.
முன்வரிசையில் அவன் தங்கை
கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.
பேனா முனை தாளைத் தொட்டாயிற்று.
இரண்டும் மூன்றும் அக்கம்பக்கத்து எண்கள்,
இடம் மாறி உட்கார்ந்தால்
யார் கேட்கப்போகிறார்கள்?

டேல் எட்டிப் பார்த்தான்.
"முதலில் இரண்டு" என்றான்.
பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி:
"கலவை குளிரில் இறுகிக்கொண்டே வந்தது.
எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.
ஒரு குவளைத் தண்ணீர் கூட விட்டேன்.
அழகாக வழிந்து நிரம்பியது."

யாரும் கைதட்டவில்லை.
தலைவி ரொவீனா ஏழாவது பெயரைப் படித்தாள்.
நான் எழுதிய இரண்டின் தலை மட்டும்
தடித்திருக்கிறது,
மை அங்கே கொஞ்சம் நின்றுவிட்டதால்.

காலையில் சில்லுகளைத் தள்ளுவண்டியில் அள்ளி
ஆய்வகத்தின் பின்வாசலில் கொட்டினோம்.
பனி உருகும்போது சேறாகிற பாதை.
பல வருடக் கையெழுத்துகள் அங்கே மிதிபடுகின்றன.
எது நாலாயிரம், எது இரண்டாயிரம்,
செருப்புக்குத் தெரியாது.
டேலின் சில்லு ஒன்றில்
என் பாதிப் பெயர் வானம் பார்த்துக் கிடந்தது.
குப்புறத் திருப்பலாம் என்று குனிந்தேன்,
விட்டுவிட்டேன்.

மறுபடி பனி விழ ஆரம்பித்தது.
க்விஸ்ட் உப்பு வாளியோடு வந்தான்.
"அது வேண்டாம்" என்றான் டேல்,
"மணல் போடு."